நியாயமும் வழக்கமும் 22,000 ரூபாயும்

அடுத்தவர்களின் பயணப் பில்லை வெட்டி, அதற்குச் சம்பளமும் வாங்கி, அந்தச் சம்பளத்தில் வீடு கட்டியவன் நான். ஒரு தனியார் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தேன். விற்பனைப் பிரதிநிதி ஒருவர் திருநெல்வேலிக்குப் போய்விட்டு வந்து, ஜங்ஷனிலிருந்து லாட்ஜுக்கு ஆட்டோ 120 ரூபாய் என்று எழுதியிருப்பார். சிவப்பு மையால் அதை அடித்து, பக்கத்தில் 70 என்று போடுவேன். ஓரத்தில் ஒரு வரி: 'வழக்கமான கட்டணம் மட்டும் அனுமதிக்கப்படுகிறது.' திருநெல்வேலியை நான் அல்வா டப்பாவின் மேல்தான் பார்த்திருக்கிறேன். அந்த 70 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் கிடையாது. ஆனால் என்னிடம் ரப்பர் ஸ்டாம்பு இருந்தது. ஆபீசில் எனக்குக் 'கத்தரிக்கோல்' என்று பெயர். ரிட்டயர் ஆகும்வரை அது பாராட்டு என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்பேர்ப்பட்டவனுக்கு வலது கண்ணில் புரை வந்தது.

"அடுத்தவங்க பில்லை ஒழுங்காப் படிக்காத கண்ணு. அதுக்கு வேற என்ன வரும்?" என்றாள் என் மனைவி. டாக்டர் சொன்ன காரணம் வயசு. வீட்டில் டாக்டருடைய காரணம் எடுபடவில்லை.

நான் கவலைப்படவில்லை. என்னிடம் பாலிசி இருந்தது. பொதுத்துறைக் காப்பீட்டுக் கம்பெனிகள் 1986-ல் மெடிக்ளெய்ம் என்று ஒரு மருத்துவப் பாலிசியைக் கொண்டுவந்தன. இன்றைக்கும் எங்கள் தெருவில் எந்தக் கம்பெனி பாலிசியாக இருந்தாலும் மெடிக்ளெய்ம்தான். என்னுடையது ஐந்து லட்சம் ரூபாய் மெடிக்ளெய்ம். அதில் புரைக்கென்று தனி உச்சவரம்பே கிடையாது. பூதக்கண்ணாடி வைத்து, புரை விழுந்த அதே கண்ணால் தேடிப் பார்த்து இதை உறுதி செய்துகொண்டேன். காலையில் போனேன், சாயங்காலம் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பினேன். பில் 58,000 ரூபாய். நானே கட்டிவிட்டு, காகிதங்களை வரிசை எண் போட்டு, கிளிப் மாட்டி, கவரிங் லெட்டரோடு அனுப்பினேன். அந்த லெட்டரை ஒரு கணக்கு அதிகாரி படித்திருந்தால் கண்கலங்கியிருப்பார்.

பதில் வந்தது. கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் மனைவிதான் படித்தாள். அனுமதித்த தொகை 36,000. மீதி 22,000 'நியாயமான, வழக்கமான கட்டணத்துக்கு மேற்பட்டது.'

காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏங்க, இது நீங்க எழுதின மாதிரியே இருக்கே!"

பாலிசிப் புத்தகத்தை எடுத்து அந்த வரையறையைத் தேடினேன். அதைக் கம்பெனி தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளவில்லை. ஐதராபாத்தில் இருக்கிற ஐஆர்டிஏஐ என்கிற காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லாருக்கும் ஒரே வாசகமாக வகுத்துக் கொடுத்தது. அதன் சாரம் இதுதான்: கட்டணம் அந்த மருத்துவமனை நிலையாக வாங்குகிற கட்டணமாக இருக்க வேண்டும், அதே வட்டாரத்தில் அதே சேவைக்கோ அதை ஒத்த சேவைக்கோ நிலவுகிற கட்டணத்தோடு ஒத்துப்போக வேண்டும், நோயின் தன்மையையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை, பொறாமை வந்தது. எவ்வளவு கச்சிதமான வாசகம்! மருத்துவமனை இருக்கிறது, வட்டாரம் இருக்கிறது, நோய் இருக்கிறது. தேடினால் ஓர் எண்கூட அகப்படாது. சர்வீசில் இருந்தபோது இந்த வாசகம் என் கையில் கிடைத்திருந்தால், திருநெல்வேலி ஆட்டோவை 40 ரூபாயிலேயே நிறுத்தியிருப்பேன்.

இருந்தாலும் 22,000 என்னுடையது. வாசகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆராய்ந்துவிடுவது என்று கிளம்பினேன்.

முதல் துண்டு, அந்த மருத்துவமனை நிலையாக வாங்குகிற கட்டணம். அது எங்காவது எழுதியிருக்குமே என்று செக்கப்புக்குப் போனபோது சுவர் சுவராகப் பார்த்தேன். செருப்பை எங்கே விடுவது, யார் யார் லிப்டில் ஏறக் கூடாது, எந்த ஊழியருக்கும் அன்பளிப்புத் தர வேண்டாம் என்பதெல்லாம் எழுதியிருந்தது. கட்டணத்துக்கு மட்டும் சுவரில் இடமில்லை. கட்டணங்களை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2012-ம் வருஷத்து விதி சொல்கிறது. கட்டணம் அரசு வகுக்கும் வரம்புக்குள் இருக்க வேண்டும் என்றும் அதே விதியில் இருக்கிறது. அந்த வரம்பு எங்கே என்று 2024-ல் உச்ச நீதிமன்றமே மத்திய அரசைக் கேட்டது. அதுவும் அந்த விதிக்கு அடிப்படையான மத்தியச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட மாநிலங்களுக்கான கதை. தமிழ்நாட்டுக்கு 1997-லேயே தனிச் சட்டம். ஆகவே நான் தேடியது வேறு மாநிலத்துப் பலகையை.

இரண்டாவது துண்டு, வட்டாரம். இதைக் கேட்க டிபிஏவுக்குப் போன் செய்தேன். டிபிஏ என்றால் கம்பெனிக்கும் நமக்கும் நடுவில் இருந்து பில்லைச் சரிபார்க்கிற நிறுவனம். சம்பளம் கம்பெனி கொடுக்கிறது, விளக்கம் நமக்குக் கிடைக்கிறது.

"சார், உங்க ஏரியாவுல நிலவுற ரீசனபிள் சார்ஜ் இதுதான் சார்."

"ஏரியான்னா எதும்மா? மேற்கு மாம்பலமா, சென்னையா, செங்கல்பட்டு வரைக்குமா?"

"உங்க பின்கோடு சொல்லுங்க சார்."

சொன்னேன்.

"ஆமா சார், அதுதான் சார் ஏரியா."

"அந்த ஏரியாவுல எந்த ஆஸ்பத்திரியில 36,000-க்குப் பண்றாங்கன்னு பேர் சொன்னா, இடது கண்ணை அங்கேயே காட்டிக்குவேன்."

"அந்த விவரம் எங்க சிஸ்டத்துல வராது சார்."

"நீங்க எங்கேருந்து பேசறீங்கம்மா?"

"அது சொல்லக் கூடாது சார்."

அந்தப் பெண்ணிடம் எனக்கு ஒரு பாசமே வந்துவிட்டது. அவள் மேற்கு மாம்பலத்தைப் பார்த்திருக்க மாட்டாள். நான் திருநெல்வேலியைப் பார்த்ததில்லை. நாங்கள் ஒரே ஜாதி.

அப்புறம் பூங்காவில் என்னோடு நடக்கிற, காப்பீட்டுத் துறையில் இருந்து ரிட்டயரான நண்பர் ஒருவர் விளக்கினார். 2010-ல் நான்கு பொதுத்துறைக் கம்பெனிகளும் டெல்லி, மும்பை, சென்னை, பெங்களூர் நகரங்களின் பெரிய மருத்துவமனைகளில், பில்லைக் கம்பெனியே நேராகக் கட்டும் கேஷ்லெஸ் வசதியை நிறுத்தின. பில் ஏகத்துக்கு ஏறுகிறது என்பது கம்பெனிகளின் புகார். பிறகு மருத்துவமனைகளோடு பேரம் பேசி, இந்த ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று பேக்கேஜ் ரேட் வைத்துக்கொண்டார்கள். அது முதல், வட்டாரத்தில் நிலவும் கட்டணம் எது என்று கேள்வி வந்தால், அந்தப் பேக்கேஜ் ரேட்டை எடுத்துக் காட்டுவது கம்பெனிகளுக்குச் சௌகரியமாகப் போயிற்று. ஆயிரக்கணக்கான கண்களை மொத்தமாக அனுப்புகிறவருக்குக் கிடைக்கிற விலை அது. நான் கொண்டுபோனது ஒரே ஒரு கண். எனக்கு அந்த விலையை யார் கொடுப்பார்கள்? நிலவும் கட்டணம் நிலவத்தான் செய்கிறது, என்னைத் தவிர மற்ற எல்லாருக்கும்.

மூன்றாவது துண்டு, அதே சேவை அல்லது அதை ஒத்த சேவை. இங்கேதான் லென்ஸ் வருகிறது. ஆபரேஷனுக்கு முன்னால் கவுன்சிலர் என்று ஒரு பெண் எங்களை உட்கார வைத்து, பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை ஒன்றை நீட்டினாள். அதில் லென்ஸ் வகைகளும் விலைகளும் இருந்தனவாம். இருந்தனவாம் என்று சொல்லக் காரணம், அதற்கு அரை மணி முன்னால்தான் என் கண்ணில் பாப்பா விரிகிற மருந்து விட்டிருந்தார்கள். அட்டை முழுக்க ஒரே வெள்ளைப் பனி. கண் தெரியாத நேரம் பார்த்துக் கண்ணுக்கு விலை கேட்கிற அந்த நேர்த்தியை வியந்தபடி, மனைவி பக்கம் திரும்பினேன்.

"எது நல்லதோ அதையே வைங்க. கண்ணு விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம்," என்று அவள் தலையாட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து என் கஞ்சத்தனத்தை அவள் அனுமதித்துவந்த பட்டியலில் கண் இல்லை போலிருக்கிறது.

கம்பெனி என்ன சொல்கிறதென்றால், சாதாரண லென்ஸும் இதுவும் 'ஒத்த' சேவை. நான் என்ன சொல்கிறேனென்றால், ஒத்ததாக இருந்தால் அட்டையில் ஏன் தனித்தனி விலை? இதய ஸ்டென்டுக்கு இந்தச் சண்டை வராது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம், மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய், வெறும் உலோக ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய் என்று வரிக்கு முந்தைய உச்ச விலை வைத்தது. அதே வருஷம் ஆகஸ்டில் முழங்கால் மூட்டுக்கும் விலை வைத்தார்கள். எனக்கு இதயத்திலோ முழங்காலிலோ கோளாறு வந்திருந்தால் சட்டப்படி கௌரவமாக இருந்திருக்கும்.

நான்காவது துண்டு, நோயின் தன்மை. என் புரை சாதுவானது. அதில் வாதிட எதுவும் இல்லை.

இந்த 22,000-க்குள் கண் மறைப்பு அட்டை, கண்ணில் ஒட்டும் பஞ்சு, கையுறை என்று சில்லறையும் சேர்ந்திருந்தது. அதற்கும் ஆணையத்தின் பட்டியல்கள் உண்டு, மொத்தம் நான்கு. கேட்டாலும் பொதுவாகக் கிடைக்காதவை முதல் பட்டியலில், 68 உருப்படிகள். கையுறை அங்கே இருக்கிறது. அறை வாடகைக்குள் அடக்கம் என்பவை இரண்டாவது: சீப்பு, செருப்பு, பற்பசை, கைப்பட்டையில் எழுதுகிற பெயர்ச்சீட்டு வரைக்கும். ஆபரேஷன் கட்டணத்துக்குள் அடக்கம் என்பவை மூன்றாவது. கண் பஞ்சும் கண் மறைப்பும் அதில்தான். கண் ஆபரேஷன் என்றால் கண்ணை மூடுவதும் அதற்குள் சேர்த்தி என்பது ஆணையத்தின் தீர்மானம். நியாயந்தான். ஆனால் மருத்துவமனை அதைத் தனியாகத்தான் போடும், கம்பெனி அதைத் தனியாகத்தான் கழிக்கும். நடுவில் ஒரு பஞ்சோடு நான் நிற்பேன்.

என் கதை பரவாயில்லை. என் மைத்துனியின் கதையைக் கேளுங்கள். அவள் பாலிசியில் அறை வாடகைக்கு நாளைக்கு 5,000 வரைதான் அனுமதி. என் சகலை, மனைவிமேல் உள்ள பிரியத்தில், 8,000 ரூபாய் அறை எடுத்தார். ஜன்னலைத் திறந்தால் கோயில் கோபுரம் தெரியுமாம். வித்தியாசம் நாளைக்கு 3,000 தானே, கைக்காசு போட்டுக்கொள்ளலாம் என்று அவர் கணக்கு. ஆனால் சர்ஜனின் கட்டணம் 80,000-ஐயும் கம்பெனி எட்டில் ஐந்து பங்காக்கி 50,000 கொடுத்தது. அறை மாறினால் சர்ஜனின் கட்டணமும் மாறுகிறது. அதே டாக்டர், அதே கத்தி, அதே பித்தப்பை. மருத்துவமனை அறையைப் பார்த்து ஏற்றியதால் கம்பெனியும் அறையைப் பார்த்து இறக்கியது. மருந்து, உடம்புக்குள் வைக்கிற உபகரணம், பரிசோதனை இவற்றில் இந்தப் பங்குக் கணக்குப் போடக் கூடாது, ஐசியூ கட்டணத்திலும் கூடாது, அறைக்கேற்ப ரேட் மாற்றாத மருத்துவமனைகளிலும் கூடாது என்று ஆணையம் 2020-ல் சொல்லிவிட்டது. சகலைக்கு அதில் கொஞ்சம் மிஞ்சியது. 5,000-க்கு மேற்பட்ட அறைக்கு 2022 ஜூலையிலிருந்து வருகிற 5 சதவீத ஜிஎஸ்டியில் அதுவும் கரைந்தது. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்பார்கள். சகலையைக் கேட்டால் தொகையைத் துல்லியமாகச் சொல்வார்.

இந்த 'வழக்கம்' எங்கே பிறந்தது என்று ஆராய்ந்தேன். ரிட்டயரானவனுக்கு இணையம் கொடுத்தது அரசாங்கத்தின் தப்பு. அமெரிக்காவில் 1965-ல் முதியோருக்கான மெடிகேர் வந்தபோது, டாக்டர் வழக்கமாக வாங்குவது, வட்டாரத்தில் நிலவுவது, நியாயமானது ஆகிய மூன்றையும் பார்த்துப் பணம் கொடுப்போம் என்றார்கள். டாக்டர்கள் புத்திசாலிகள். இந்த வருஷம் கொஞ்சம் ஏற்றி வாங்கினால் அடுத்த வருஷம் அதுதான் வழக்கம். அலுத்துப்போய் 1992-ல் அந்த முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பெண் வைத்து விலை போட ஆரம்பித்தார்கள்.

தனியார் கம்பெனிகள் மட்டும் வழக்கத்தை விடவில்லை. எது வழக்கம் என்று சொல்ல இன்ஜெனிக்ஸ் என்று ஒரு நிறுவனம் புள்ளிவிவரம் விற்றது. கம்பெனிகளும் வாங்கி, அதைக் காட்டி நோயாளிகளின் பில்லை வெட்டின. கடைசியில் பார்த்தால் இன்ஜெனிக்ஸுக்குச் சொந்தக்காரர் யுனைடெட்ஹெல்த் என்ற பெரிய காப்பீட்டுக் கம்பெனி. நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞராக இருந்த ஆண்ட்ரூ குவோமோ விசாரணையில் இறங்க, 2009-ல் சமரசம் ஆயிற்று. கம்பெனி 5 கோடி டாலர் கொடுத்தது. அந்தப் பணத்தில் ஃபேர் ஹெல்த் என்று லாப நோக்கில்லாத தனி அமைப்பு வந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். என் 70 ரூபாய்க்கு நான் ஸ்டாம்பு மட்டுமே வைத்திருந்தேன். அவர்கள் அதற்கு ஒரு டேட்டாபேஸே வைத்திருந்தார்கள்!

எண்ணை எழுதவே முடியாது என்பதும் இல்லை. கொரோனா வந்த 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு தனியார் மருத்துவமனைகளைத் தரம் பிரித்து, சாதாரண வார்டுக்கு நாளைக்கு 7,500 அல்லது 5,000, ஐசியூவுக்கு 15,000 என்று உச்சவரம்பு போட்டது. அதே வருஷம் எல்லாக் கம்பெனிகளும் விற்றாக வேண்டும் என்று வந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் புரைக்கு எண்ணே இருக்கிறது: ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், எது குறைவோ அது. அதிலும் 5 சதவீதம் நாம் போட வேண்டும். மனைவி பென்சிலால் கணக்குப் போட்டாள். "அதுல எடுத்திருந்தா 38,000 வந்திருக்கும். உச்சவரம்பே இல்லாத உங்க பாலிசியில 36,000. வரம்பு இல்லாததுக்கு 2,000 ரூபாய் கட்டணம் போல இருக்கு."

அதற்கு மேல் சும்மா இருந்தால் வீட்டில் என் கணக்கு அதிகாரிப் பட்டம் போய்விடும். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன். ஒரு மாதம் பார்த்துவிட்டுக் காப்பீட்டு ஒம்பட்ஸ்மனுக்குப் போகலாம் என்பது விதி. கம்பெனி கைவிரித்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். 50 லட்சம் வரையான தகராறுகளைப் பார்ப்பார்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் கூடாது. கட்டணம் கிடையாது என்ற இடத்தை இரண்டு தரம் படித்தேன். அது நியாயமாகவும் இருந்தது, எனக்கு வழக்கமாகவும் இருந்தது. தேனாம்பேட்டையில் அண்ணா சாலையிலேயே ஆபீஸ். என் மனுவில் ஒரே ஒரு கேள்வி: என் வட்டாரத்தில், இந்த லென்ஸோடு, 36,000-க்கு இந்த ஆபரேஷனைச் செய்கிற மருத்துவமனைகள் எவை? வெட்டியவரே காட்டட்டும்.

விசாரணைக்கு முன்பே கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. 'மறுபரிசீலனையில்' இன்னும் 9,000 தருவார்களாம். அந்த 9,000 எப்படி வந்தது என்று மனைவி கேட்டாள். தொழில் தெரிந்தவன் அப்படிக் கேட்க மாட்டான் என்று சொல்லி, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மீதி 13,000-ஐக் கண்ணுக்குத் தெரியாத செலவு என்று எழுதிக்கொண்டேன்.

இப்போது எங்கள் தெருவில் நான்தான் நிபுணன். சென்ற மாதம் என் மைத்துனருக்குக் குடலிறக்கம் என்றார்கள். "அத்தான், நீங்க வந்து பேசினாத்தான் சரி," என்று கூப்பிட்டார். படுத்துக்கொள்வதற்கு முன்பே எழுத்தில் ரேட் வாங்கிவிடுவது என்று பைலோடு போனேன். பில்லிங் கவுன்டரில் ஒரு பெண்.

"ஹெர்னியா ஆபரேஷனுக்கு உங்க ஆஸ்பத்திரியில வழக்கமா எவ்வளவும்மா?"

"இன்சூரன்ஸ் இருக்கா சார்?"

"அதை அப்புறம் சொல்றேன். நீ முதல்ல ரேட்டைச் சொல்லு."

"அதைச் சொன்னாத்தான் சார் ரேட் சொல்ல முடியும். கைக்காசுன்னா ஒண்ணு, கம்பெனியோட பேக்கேஜ் போட்டிருந்தா ஒண்ணு, பேக்கேஜ் இல்லாத பாலிசின்னா ஒண்ணு. அதுல ரூமைப் பொறுத்து மாறும்."

நான் பேனாவைத் திறந்தேன். "சரிம்மா, இதுல உங்க வழக்கமான ரேட் எது?"

அந்தப் பெண் என் பைலைப் பார்த்தாள், மைத்துனரைப் பார்த்தாள், பிறகு மிகவும் பொறுமையாகச் சொன்னாள்:

"எல்லாமே வழக்கம்தான் சார்."